அந்தப் பக்கங்கள் மட்டும் ஏன் வரவில்லை, அண்ணா?

என் உயிரான தேவா அண்ணனுக்கு,

உன் கேஸ் கட்டு வந்துவிட்டது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே கீழ்க்கோர்ட்டிலிருந்து மேல்கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. நீ உள்ளே இருந்த வருஷமெல்லாம் வராத கட்டு. தற்செயல்தான் என்கிறார்கள். நீ நம்புவாயா?

நான் நம்பவில்லை. கட்கியிலிருந்து மேல்கோர்ட்டுக்கு எத்தனை முறை ரயில் ஏறியிருப்பேன். ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் தலையை நிமிர்த்தாமலே மராத்தியில், "அஜூன் ஆல நாஹி" என்பார். இன்னும் வரவில்லையாம். ஜாமீன் கேட்டால், ரெக்கார்டு வரட்டும், பார்க்கலாம். அப்பீலை எடுங்கள் என்றால், ரெக்கார்டு இல்லாமல் எதைப் படிப்பது? அதற்காகக் காத்திருந்தே, மஞ்சள் காமாலையில் ஜெயில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ போய்விட்டாய்.

"மச்சானே இல்ல, இனிமே கேஸ் எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். இறந்தவருடைய அப்பீலைக் கூடப்பிறந்தவர் தொடர்ந்து நடத்தலாம், ஒரு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்று வக்கீல் அம்மா சொன்னார். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது உன் மகள் கீதா கேட்டாள்: "அத்தே, பப்பா சச் மே, நெசமாவே, அவர தள்ளினாரா?" மறுநாளே மனு போட்டேன்.

அன்று தண்ணி டேங்கர் வரிசையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். நீ விலக்கிவிடப் போனாய். ஒருவர் விழுந்து, படிக்கல்லில் தலை மோதி இறந்தார். நீதான் தள்ளினாய் என்று தையல்கடை சேகர் சாட்சி சொன்னான். ஆனால் நம் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தபோது, "தள்ளுனத நான் பாக்கல, அவர் விழுந்தப்புறம்தான் திரும்பிப் பாத்தேன்" என்றான். நீயும் நானும் காதால் கேட்டோம். தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வந்த கட்டைப் பிரித்துப் பார்த்தால், போட்டோக்கள் இருக்கின்றன, டாக்டர் சாட்சி இருக்கிறது, சேகர் முதலில் சொன்னதும் இருக்கிறது. குறுக்கு விசாரணைப் பக்கங்கள் மட்டும் இல்லை. "ஆபீஸ் மாத்தினப்ப விழுந்திருக்கும், எலி கடிச்சிருக்கும்" என்றார் வக்கீல் அம்மா. உன்னைக் காப்பாற்றும் பக்கங்களை மட்டும் பார்த்துக் கடிக்க அந்த எலிக்கு யார் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்?

நேரே சேகர் கடைக்குப் போனேன். இத்தனை நாள் அவன் இருக்கும் பக்கமே திரும்பாதவள் நான். "யாரு எடுக்கச் சொன்னாங்க?" என்றேன். அவன் மிஷினை நிறுத்தினான்.

"பேப்பர் காணாப் போச்சுன்னா நான் காணாப் போகலியே அக்கா. கூப்புடட்டும், வந்து சொல்றேன்."

"எங்கண்ணன் உசுரோட இருக்கறப்ப ஏன் வரல?"

"யாரும் கூப்புடலியே."

அதையும் நான் நம்பவில்லை. வக்கீல் அம்மா மேல்கோர்ட்டில் மன்றாடினார். கீழ்க்கோர்ட்டில் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். சேகரை மறுபடி விசாரிக்க உத்தரவு வந்தது. அவன் கூண்டேறும்வரை, ஊருக்குப் போய்விடுவான், பேச்சை மாற்றிவிடுவான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தான். குறுக்கு விசாரணையில் அன்று சொன்னதையே சொன்னான். அந்தச் சாட்சியத்தின் முத்திரை போட்ட நகல் கைக்கு வரும்வரை நான் அந்த வராந்தாவை விட்டு நகரவில்லை.

போன வாரம் தண்டனையை ரத்து செய்துவிட்டார்கள் அண்ணா. நீ குற்றவாளி இல்லை.

திரும்பி வரும் ரயிலில் கீதா தீர்ப்பை எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். "அத்தே, பப்பாவ விடச் சொல்லியிருக்காங்க" என்றாள். வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் உன்னை உடனே ஜெயிலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று இருந்தது. முதல் பக்கத்தில், என் பெயருக்கு மேலே, நீ இறந்துவிட்டாய் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தை எழுதியவர் அதைப் பார்த்தாரா? பார்க்காதவர் வேறு எதைப் படித்திருப்பார்?

பழக்கத்தில் வந்த வரி, விட்டுவிடுங்கள் என்கிறார் வக்கீல் அம்மா. விடமாட்டேன். திங்கட்கிழமை மறுபடி போகிறேன். நீ குற்றம் செய்யாதவன் என்பதோடு, நீ அவர்கள் காவலில் காத்திருந்தே செத்தாய் என்பதையும் அந்தத் தீர்ப்பில் எழுத வைக்காமல் ஓயமாட்டேன்.

உன்னோடு பிறந்தவள்,
செல்வி