கிளேபாங் பக்கம் வராத கப்பல்

அன்பு மகன் ரையனுக்கு, அப்பா எழுதுறது. ஆண்டவர் தயவுல நாங்க ஏதோ நடமாடிக்கிட்டு இருக்கோம், கப்பல்ல நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லா இருக்கணும். போன்ல இதெல்லாம் பேச எனக்கு வாய் வராது, அதான் எழுதுறேன், உன் தங்கச்சி ஜோனிட்டா படம் புடிச்சு அனுப்புவா. அவளுக்கு மலாக்கா ஆபீஸ்ல வேலை நிரந்தரமாயிருச்சு. எனக்கு முட்டி வலிதான், லோரி ஓட்டுன காலு, வேற என்ன வரும்.

நீ சொன்னதைக் கேட்டதுலேர்ந்து மனசு ஒரு நெலையில இல்ல. சீனாக்காரனுக்கு நம்ம மலாக்கா நீரிணை குறுகலாம், சண்டையில எவனாவது அடைச்சுட்டா எண்ணெய் வராதாம், அதனால பர்மாவுலேயே எறக்கிக் குழாய்ல கொண்டு போறானாம், உன் கப்பலும் அங்கேருந்தே அரபு நாட்டுக்குத் திரும்பிடுமாம். அட போங்கடா, எண்ணெய் ஏத்துறதுக்கு ஹோர்முஸ் நீரிணை வழியாத்தானே போகணும், அது மட்டும் என்ன அகலமா? எண்ணெய்க்கு மாத்து வழி பார்த்துட்டானுங்க, என் பிள்ளைக்கு எவன் பார்த்தான்? இங்கயும் துறைமுகம் வருதுன்னு கடலைத் தூர்த்தானுங்க, லாலாங் புல்லுதான் மண்டிக் கெடக்கு.

அடுத்த கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடுற வரைக்கும் இதை அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கன்னுட்டே. மறைச்சு மறைச்சு அலுத்துப் போச்சுடா. உன் கப்பல் கடக்குற நாள்ல கிளேபாங் கரையில காரை நிறுத்தி லைட்டை அடிப்போமே, போன சனிக்கிழமையும் அம்மா கெளம்பிட்டா. நானும் தூரத்துல போன ஏதோ ஒரு டேங்கரைக் காட்டி, அதோ உன் மகன்னு சொல்லி ரெண்டு தடவை அடிச்சுட்டு நிறுத்திட்டேன். அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அது ரையன் கப்பல் இல்ல, அவன் பர்மா கரையில நிக்கிறான், எந்தக் கப்பல் எங்க இருக்குன்னு போன்லதான் காட்டுதே, எனக்குத் தெரியும் லா, அப்படின்னா. அப்புறம் ஏன் வந்தேன்னு கேட்டேன். அதுலயும் எவளோ பெத்த பிள்ளை போகுதுல்ல, நல்லா அடிங்கன்னா. அடிச்சேன். என்னால அழுகையை அடக்க முடியல.

இனி என்கிட்ட ரகசியம் எதுவும் சொல்லாதே, அம்மாவுக்கு நீயே போன் பண்ணு. படிச்ச பிள்ளைக்குப் புத்தி சொல்ல எனக்குத் தெரியாது, ஆனா கையெழுத்துப் போடவான்னு கேட்டியே, சொல்றேன்: போடாதே ராசா, எறங்கி வந்துடு. ஜெபமாலையைக் கழுத்துல போட்டுக்க, பெட்டியில வைக்காதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாங்க.

உன் அப்பா,
மிக்கேல்ராஜ்