இன்னைக்கு முட்டை வண்டி நீங்கதான்

ஏனுங்க,

வண்டிச் சாவி ஆணியில தொங்குது. இன்னைக்கு முட்டை லோடு நீங்கதான் கொண்டு போகோணும். பொம்பளை வண்டி ஓட்டறதுல மானம் போகுதுன்னு நேத்து நீங்க முறுக்குன இடது கையிலதானுங்க நான் கியர் போடுவேன். மணிக்கட்டு வீங்கிப்போச்சு. மாவுக்கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போறேன். அப்படியே மகளிர் ஸ்டேஷனுக்கும் போயிட்டுத்தான் வாரேன்.

ஏழு பள்ளிக்கூடத்துலயும் சத்துணவு அக்காங்க "கோகிலா எங்கே?"ன்னு கேப்பாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாள்னு மட்டும் சொல்லீராதீங்க. அதை நானே ரெண்டு தடவை சொல்லித் தீர்த்துட்டேன். இந்தத் தடவை உள்ளதைச் சொல்லி, அவங்க வாட்ஸ்அப் குரூப்புல கை போட்டோவும் போட்டாச்சு.

ரசம் அடுப்பு மேல இருக்குது.

கோகிலா

மறந்துட்டேன்: ரெண்டாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும். என் கைன்னு நெனைச்சு முறுக்கிராதீங்க. வண்டி என்னைய மாதிரி பொறுத்துக்காது.