அந்த மூச்சு உன்னுடையது அல்ல

உப்புக் காயாத தலையோடு ஓடிவந்து என் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்கும் என் செல்லத் தம்பி அமலனுக்கு,

நீ போய் இரண்டு மாதமாகிவிட்டது. உன்னை வைத்து நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்.

கரைவலை இழுப்பது யார் முறை என்று தொடங்கிய சண்டை அது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மகன் துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கி உன் பிடரியில் அடித்தான். நீ விழுந்த பிறகும் அடித்தானாம். கொழும்பு ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது உன் தலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மூளை செத்துவிட்டது, மெஷின்தான் மூச்சு விடுகிறது என்றார் டொக்டர்.

உன் சுவாசப்பையில் நீர் கோத்திருந்ததால் அதை வேறொருவருக்குப் பொருத்த முடியவில்லை. ஆனால் பன்றிகளின் சுவாசப்பைகளைக் கழுவிச் சோதிக்கும் எங்கள் ஆய்வுகூடத்துக்கு அது போதும். "பண்டிச் சுவாசப்பை கழுவுற உத்தியோகம்" என்று என்னைக் கேலி செய்வாயே, அதே இடம். போன வருடம் கேலியோடு கேலியாக, "நான் செத்தா என்ர சுவாசப்பையையும் கழுவிப் பாரக்கா, உப்புத்தான் வரும்" என்றாய். நீதிவானின் அனுமதி வந்ததும் நான் கையெழுத்து வைத்தேன். நீ விளையாட்டுக்குச் சொன்னதா, உண்மையாகச் சொன்னதா?

மன்னாருக்குக் கொண்டுவந்து, நம் தோட்டவெளி வீட்டில் உனக்குச் சட்டை மாற்றும்போது பெரியண்ணா கேட்டார், "நெஞ்சு ஏன் இப்பிடிப் பதிஞ்சு கிடக்கு?"

"சுவாசப்பையைக் குடுத்திட்டன் அண்ணா. நான்தான் கையெழுத்து வச்சனான்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனி? கடைசித் தீர்வை நாளில உயிர்த்தெழும்பேக்க அவன் என்னத்தால மூச்சு விடுவான்?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். அந்த வாயிலேயே குத்தினார். இரண்டு பல் போனது. கதிரையோடு விழுந்த என்னை மிதித்தார். என் இரத்தம் உன் பெட்டியின் வெள்ளைத் துணியில் பட்டது. செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள்தான் அவரை இழுத்துப் பிடித்தார்கள்.

கொழும்பில் உன் சுவாசப்பையைச் சவர்க்காரக் கரைசலில் நாள்கணக்காகக் கழுவினோம். உன் உயிர்க் கலங்கள் எல்லாம் கரைந்து போய், வெள்ளைச் சட்டகம் மட்டும் மிஞ்சியது. உப்பு வரவில்லை, தம்பி. அந்தச் சட்டகத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் மூலக் கலங்களை விட்டோம். எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய இளம் கலங்கள் அவை. மூச்சு முட்டிச் சாகிறவர்களுக்கு அவரவர் கலங்களாலேயே சுவாசப்பை வளர்த்துக் கொடுக்க ஒரு நாள் முடியும் என்பதுதான் எங்கள் ஆசை. மெஷின் காற்றை அனுப்ப, அது மெல்லப் பொங்கித் தணிந்தது. பார்த்துவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதேன்.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் நாள் சம்மாட்டியின் மகன் பிணையில் வந்துவிட்டான். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெரியண்ணா மீன் வெட்டும் கத்தியை எடுத்தார். நான் வாசலை மறித்தேன். அவன் மேல் இரக்கப்பட்டு அல்ல. அவன் கழுத்து அறுபடுவதை நானும் எத்தனையோ தரம் மனதுக்குள் பார்த்திருக்கிறேன். ஒரு சகோதரன் மண்ணுக்குள், மற்றவன் மறியல் கம்பிக்குள் என்று வாழ எனக்குத் தெம்பில்லை. போனில் இருந்த, சுவாசப்பை பொங்கித் தணியும் வீடியோவைக் காட்டினேன்.

"பாருங்கோ அண்ணா. இது தம்பியின்ர."

நெடுநேரம் பார்த்தார். "இது அவன்ர மூச்சோ?"

உன் கலம் ஒன்றுகூட அதில் இல்லை. காற்றும் மெஷினின் காற்று. எல்லாம் தெரிந்தும், "ஓம்" என்றேன்.

கத்தியைக் கீழே போட்டார். "அவன் மூச்சு விடுறவரைக்கும் நான் ஆரையும் தொடமாட்டன்" என்று சொல்லி, பல் போன என் வாயைத் தடவிவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கோவிலால் வந்ததும் போன் எடுப்பார். "தம்பி என்ன செய்யிறான்?" நான் புது வீடியோ அனுப்புவேன். அவர் அதை அயலட்டைக்கெல்லாம் காட்டுவாராம்.

போன செவ்வாய்க்கிழமை கரைசலில் பூஞ்சணம் கண்டோம். ஒருமுறை பிடித்தால் காப்பாற்ற முடியாது. சட்டகத்தை மஞ்சள் பையில் இட்டு எரிக்க அனுப்பினார்கள். பையின் வாயைக் கட்டியது நான்தான். ஞாயிறு வந்தது. பழைய வீடியோ ஒன்றை அனுப்பினேன்.

"இண்டைக்கு நல்லா மூச்சு விடுறான்" என்றார் பெரியண்ணா.

உன்னை அடித்தவன் அதே கரையில் வலை இழுக்கிறான். இடையில் நிற்பது என் பொய் மட்டுந்தான். எத்தனை ஞாயிறுக்கு அது நிற்கும்? வேறு யாராவது சொல்லி அவர் அறிந்தால் என்ன நடக்கும்?

சனிக்கிழமை பஸ்ஸில் மன்னாருக்கு வருகிறேன். முதலில் வீட்டிலுள்ள கத்திகளை எல்லாம் எடுத்து மறைப்பேன். பிறகு பெரியண்ணாவை இருத்தி, அது ஒருநாளும் உன் மூச்சாக இருந்ததில்லை என்று சொல்வேன். அவர் உன்னை இன்னொரு முறை சாகக் கொடுப்பார். இந்த முறை கொன்றவள் நான். அடிக்கட்டும், மிச்சப் பற்களும் போகட்டும். அவர் கை ஓயும்வரை வாசலை விட்டு நகரமாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் பேரால் இனிப் பொய் சொல்லாத,
உன் சின்னக்கா