தோப்பு வழி

அக். 5, திங்கள்

மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். காலையிலிருந்து தூறல். யூனியன் ஆபீஸ் வாசலில் ஆளைவிடக் குடை ஜாஸ்தி.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு ரெண்டே பேர். நான், செல்வி. ரெண்டு பேரும் ஒரே காலனி. நான் மாதா கோயிலுக்குப் போனாலும் சர்டிபிகேட்டில் இந்து எஸ்.சி.தான். இந்தத் தடவை எங்கள் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டதால் ஊர்க்காரர்கள் யாரும் நிற்க முடியாது. அதனால் கோதண்டம் தன் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்குகிற செல்வியை நிறுத்தியிருக்கிறார். எங்கே கையெழுத்துப் போடுவது என்று அவர்தான் விரல் வைத்துக் காட்டினார்.

வெளியே வந்ததும் செல்வி, "கோச்சிக்காதக்கா. இன்னா பண்றது, எங்க வூடு அவங்க நெலத்துல கீது" என்றாள்.

கோபம் இல்லை என்றேன். கொஞ்சம் இருக்கிறது.

காலனி ஓட்டு சிந்தாமல் விழுந்தால் நான்தான். அது கோதண்டத்துக்கும் தெரியும்.

நாளைக்கு: அண்ணனுக்கு மருந்து. போஸ்டர் ஆள். ஆம்பூர் பாய்க்குத் துண்டுத்தோல் லோடு, ஆனால் சரக்கு இன்னும் ஈரம். வெயில் வந்தால்தான்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவனுக்கு மூச்சு வாங்கியது. பாதி ஆயுசை டேனரி சுண்ணாம்புக் குழியில் கழித்த நெஞ்சு. என் மனுவை முன்மொழிந்தவன் அவன்தான், படுத்தபடியே கையெழுத்து. "வழிய வாங்கிக் குடு ரோசி. மத்ததெல்லாம் அப்பறம்" என்றான்.

அண்ணி செத்தது போன வருஷம் மழையில். கல்லறைத் தோட்டம் எங்கள் கரையிலேயேதான், தோப்புக்கு அந்தப் பக்கம். தோப்பைச் சுற்றி வேலி. அதனால் ஆற்றில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். பாலாறு காய்ந்து கிடந்த வருஷங்களில் மணலில் நடந்து போனோம், யாரும் கவலைப்படவில்லை. போன வருஷம் தண்ணீர். தோள் கொடுத்தவர்கள் கழுத்தளவில் நிற்க, அண்ணியின் பெட்டி மிதந்தது. அண்ணன் அதன் மேல் ரெண்டு கையையும் போட்டு அழுத்திக்கொண்டே போனான். கரை ஏறியதும் "நீ எலெக்சன்ல நில்லு" என்றான்.

அக். 6, செவ்வாய்

அண்ணன் இறந்துவிட்டான். விடிகாலை. நான் போவதற்குள் ஸ்டெல்லா வாயைக் கட்டியிருந்தாள். அவனுக்கு ஒரே மகள். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அழாமல் போனில் ஐஸ் பெட்டிக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆந்திரா பக்கம் மழையாம். ஆற்றில் மார்பளவு, இழுப்பு வேறு.

தாசில்தார் ஆபீசுக்குப் போன் போட்டேன். "எல்லாரும் தேர்தல் டூட்டிம்மா. முடியட்டும், பாக்கலாம்." அண்ணி செத்தபோது வழி கேட்டுக் கலெக்டரிடம் கொடுத்த மனுவும் அந்த ஆபீசில்தான் எங்கோ இருக்கிறது.

மதியம் கோதண்டம் வந்தார். காலனிக்குள் இல்லை. ரோட்டோரம் என் குடோனுக்கு. தோல் வாடைக்கு மூக்கில் துண்டு வைத்துக்கொண்டே பேசினார்.

"நல்ல மனுசன், பாவம். ஆத்துல தண்ணி பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"தோப்பு கேட்டத் தொறந்து உடச் சொல்றேன். இவனுக்கு மட்டும் இல்ல, இனிமே உங்க ஆளுங்க எல்லாருக்கும்."

"அதுக்கு?"

"வியாழக்கெழம மூணு மணி வரிக்கும் வாபஸ் வாங்கலாமாமே."

ஈரச் சரக்கை நான் வந்தவுடன் எடை போட்டதே கிடையாது. ஒரு ராத்திரி கொடியில் வடிய விட்டால்தான் சொந்த எடை தெரியும். டேனரி கேட்டில் பொறுக்கித் தொடங்கின காலத்திலிருந்து அதுதான் பழக்கம். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

அக். 7, புதன்

மழை விடவில்லை. கோயில் ஷெட்டில் காலனி கூடியது. அண்ணனுக்குப் பெட்டி செய்த மோசஸ்தான் ஆரம்பித்தான்.

"உனக்கு நாற்காலி, உங்கண்ணனுக்கு ஆறா ரோசி?"

சிலர் தலை குனிந்தார்கள். சிலர் ஆமாம் என்றார்கள்.

ஸ்டெல்லா எழுந்தாள். "எங்கப்பாவப் பத்தி நான் சொல்றேன். வெள்ளிக்கெழம வரிக்கும் வூட்லயே இருக்கட்டும். நாளிக்கு மூணு மணி தாண்டட்டும், அப்பால ஆத்துல தண்ணி எறங்கினதும் எடுக்கலாம். அத்த ஜெயிச்சா அந்த எடத்த அளக்கச் சொல்லலாம். பழைய சர்வே படத்துல தோப்பு நடுவுல போறது வழிப் புறம்போக்கு. வேலி போட்டு உள்ள சேத்துக்கினாரு. அதுக்குத்தான் அவரு பயப்படறாரு."

"அளக்கறதுக்குள்ள இன்னும் நாலு பேரு செத்துருவாங்கம்மா" என்றான் மோசஸ். சிரிப்பு வந்தது கூட்டத்தில். நானும் சிரித்துவிட்டேன்.

அவள் சொல்வது சரி. அவன் சொல்வதும். ஜெயித்தால் தீர்மானம் போடலாம். அவர் கோர்ட்டுக்குப் போவார். தீர்மானத்தின் மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

பகல் பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. காலனிக்கு மட்டும். மழையால் போனதா, பிடுங்கினார்களா, தெரியாது. ஜெனரேட்டர் கேட்டால் எல்லாம் தேர்தல் கூட்டங்களுக்குப் போயிருக்கிறதாம். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளம் வாங்கி வந்து அடுக்கினோம். சாயங்காலம் ஸ்டெல்லா ஊதுவத்தியை ஒன்றுக்கு நாலாகக் கொளுத்தினாள். வாடை எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதில்தான் பிழைப்பு.

இந்தச் சரக்கை வடிய விட முடியாது.

கோதண்டத்துக்குப் போன் போட்டேன்.

அக். 8, வியாழன்

வாபஸ். யூனியன் ஆபீசில் தேர்தல் அதிகாரி கேட்டார்: "சொந்த விருப்பத்தோடதானம்மா?" ஆமாம் சார் என்றேன். காலில் சேறு. தரையெல்லாம் என் கால் தடம். துடைக்கிற அம்மா முறைத்தாள்.

அதற்கு முன்னால் கோதண்டத்தோடு பத்திரம். சும்மா வாய்ப்பேச்சுக்கு நான் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. முத்திரைத்தாளில் நானே சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். அகலம் எட்டடி, பெட்டிக்கு ரெண்டு பக்கமும் ஆள் வரணும். காலனியில் யார் இறந்தாலும். எந்தக் காலத்திலும். அவருக்குப் பின் அவர் மகனும் மறுக்கக் கூடாது. அவர் கேட்டது ரெண்டுதான்: மேளம் வேண்டாம், இடத்தை அளக்கச் சொல்லி யாரும் மனு கொடுக்கக் கூடாது. நான் கேட்டது ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்றார். அவ்வளவு சுலபமாக ஒருத்தன் ஒத்துக்கொண்டால் சரக்கை இன்னொரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும். குடோனில் வேலைக்கு வரும் எந்தப் பையனுக்கும் சொல்லிக் கொடுப்பேன் இதை. இன்று பார்க்கவில்லை.

நாலு மணிக்கு எடுத்தோம். கேட் திறந்திருந்தது. தென்னை மரங்களுக்கு நடுவே நல்ல தரை, சேறுகூட இல்லை. பெட்டி ஒரு தடவைகூடச் சாயவில்லை. மோசஸ் நடந்துகொண்டே, "பாத்தியா, எவ்ளோ கிட்டக்க கீது" என்றான். உண்மைதான். பாட்டு ரெண்டு முடிவதற்குள் வந்துவிட்டோம்.

குழி மூடினோம். ஜெபம் ஆயிற்று. திரும்பி வந்தால் கேட்டில் பூட்டு. உள்ளே கோதண்டத்தின் மகன், போனைப் பார்த்துக்கொண்டு.

"பெட்டி எறக்கியாச்சு இல்ல? அப்புறம் இன்னா வழி? எழுதனதப் படிச்சுப் பாருங்க."

படிக்கத் தேவையில்லை. நான் சொல்லி எழுதியது. சவம் கொண்டு செல்ல வழி. எனக்குத் தெரிந்ததெல்லாம் லோடு போய்ச் சேர வேண்டும். காலி வண்டி எப்படித் திரும்பும் என்று எந்த வியாபாரத்திலும் நான் கேட்டதில்லை.

"வேலியப் பிச்சு எறிங்கடா" என்று யாரோ. நான்தான் வேண்டாம் என்றேன். கேஸ் எங்கள் பையன்கள் மேல்தான் வரும்.

எல்லோரும் ஆற்றில் இறங்கினோம். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு. பாதர் அங்கியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார். பாதி தூரத்தில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள், விழாமல் இருக்கத்தான்.

"அத்த, தோல் விக்கறப்ப இப்படியா பேசுவ?"

கால் வைக்க இடம் பார்த்து அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அக். 9, வெள்ளி

வெயில். செல்வி போட்டியில்லாமல் தலைவர். ஊருக்குள் வெடி. காலனியில் யாரும் கதவு திறந்து பார்க்கவில்லை. இன்று கரண்ட் இருக்கிறது.

துண்டுத்தோல் உலர்த்தினேன். பாய் போனில் துக்கம் கேட்டார். லோடு எப்போது என்றும் கேட்டார். திங்கள் என்றேன்.

சாயங்காலம் செல்வி வந்தாள். கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றிக் கூடைக்குள் ஒளித்து எடுத்து வந்திருந்தாள். "இதக் கல்லறைல போட்டுரட்டுமாக்கா?" என்றாள்.

"எந்த வழியா போவ? நீதான் தலைவராச்சே."

"ஆத்து வழியாத்தான். தோப்பு வழியாப் போவணும்னா நானும் ஒரு தபாதான போவ முடியும்" என்றாள். திட்ட வாய் வரவில்லை. உட்கார் என்றேன். தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

அக். 11, ஞாயிறு

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

பூசை முடிந்து கோதண்டம் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா வரமாட்டேன் என்றாள். இடத்தை அளக்கச் சொல்லி அவள் கலெக்டருக்கு மனு எழுதி வைத்திருந்தாள். பத்திரத்தில் கையெழுத்து என்னுடையது என்பதால் கொடுக்க வேண்டாம் என்றேன். அப்போதிருந்து பேச்சில்லை.

வாசல்படியில் நிற்க வைத்தே பேசினார். திரும்புவதற்கும் வழி கேட்டேன். வயசானவர்களுக்கு மட்டுமாவது. "ஒரு கை கொடுத்தா முழுசா வருவீங்க" என்றார். அடுத்த தேர்தலில் பேசலாமாம்.

பேசி முடிந்தது இவ்வளவு. எட்டடி அகலம். பெட்டியும் கூட வருகிறவர்களும், போகும்போது மட்டும். மேளம் இல்லை. யாரும் அளக்கச் சொல்லக் கூடாது. திரும்புவது ஆற்று வழி.