ஆளுநரின் நாரைக் கல்

லிங்னான் மலைகளுக்கு அப்பால், காய்ச்சல் பிடித்த ஊரில் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கும் தம்பி சிஹெங்குக்கு, மதுக்கடை அக்கா லான்யூ எழுதுவது. நான் நலம். கடையும் ஏதோ ஓடுகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்திலாவது மறைக்காமல் எழுது. இதை அரசுத் தபாலில் போடவில்லை, தெற்கே போகும் தேயிலை வியாபாரி கையில் தருகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

முதலில் உட்கார்ந்துகொள். அரசவை உன்னைத் துரத்தி, நீ தெற்கே போகும் வழியில் என் கடைச் சுவரில் நாலு வரி எழுதிவிட்டுப் போனாயே, அதை நம் ஆளுநர் பாங் கல்லில் செதுக்கி, தங்கப் பூச்சு பூசி, தன் அலுவலக வாசலில் நட்டு வைத்திருக்கிறார். நான் குடித்துவிட்டு உளறவில்லை. கல்லில் இருப்பது இதுதான்:

ஹான் காலத்தில் ஓர் ஆளுநர் இருந்தார்.
அவர் முற்றத்து நாரைக்கு வெள்ளரிசிச் சோறு;
கொழுத்துப்போய் அது பறக்க மறந்தது.
வேலிக்கு வெளியே காற்றைத் தின்று வாழ்ந்தது ஊர்.

இன்றைய ஆளைத் திட்ட வேண்டுமென்றால் எப்போதோ முடிந்துபோன ஹான் அரசர் காலத்தின் தலையில் போடுவது உங்கள் கவிஞர் கூட்டத்தின் வழக்கம். பாங் வீட்டு நாரைகள் அரசுக் களஞ்சியத்து அரிசியைத் தின்று வாத்து மாதிரி நடப்பது ஊருக்கே தெரியும். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் படித்துவிட்டுக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார்கள். நான் பயந்துபோய்ச் சுவரைப் பூசிவிடலாம் என்று சுண்ணாம்பு குழைத்தேன். அதற்குள் பாங் பரிவாரத்தோடு குடிக்க வந்துவிட்டார். இந்த 'ர்' விகுதி எல்லாம் போதும், இனிமேல் அவன்தான்.

அவன் சுவர் முன்னால் நின்று படித்தான். நான் சுண்ணாம்புச் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவன் திரும்பினால், கண்ணில் தண்ணீர்! அது அவனுடைய அறுபதாவது பிறந்தநாள் மாதம். போகிற இடமெல்லாம் நாரைப் படம், நாரைப் பட்டு, நாரை மாதிரி பிடித்த மாவுப் பலகாரம் என்று ஆளாளுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். நாரை என்றால் நீண்ட ஆயுள், அதைத் தாண்டி அந்த மண்டைக்குள் வேறொன்றும் இறங்கவில்லை. "பாத்தீங்களாய்யா, நாடு கடத்துன ஆளுகூட என் ஆயுசுக்கு வேண்டிக்கிட்டுல்ல போயிருக்கான்!" என்று மூக்கை உறிஞ்சினான்.

கூட வந்திருந்த பள்ளித் தலைவர் கெங் உடனே பொருள் சொல்ல ஆரம்பித்தார். நாரை பறக்க மறந்தது என்றால், இப்படிப்பட்ட ஆளுநரை விட்டுப் போக அதற்கு மனம் வரவில்லையாம். சித்தர்கள் காற்றையும் பனியையும் உண்டு வாழ்கிறவர்கள் அல்லவா, ஐயாவின் ஆட்சியில் ஊரே சித்தராகிவிட்டதாம். நம்பித்தான் சொன்னாரா, வயிற்றுப்பிழைப்புக்கு நடித்தாரா, தெரியாது. இரண்டில் எது கேவலம் என்றும் எனக்குப் புரியவில்லை. இதற்கா இத்தனை வருஷம் விளக்கில் எண்ணெயை எரித்துப் படித்தார்!

கல் திறந்த அன்று ஊரையே வரிசையில் நிறுத்திக் கவிதையைச் சொல்ல வைத்தான். கடைசி வரியை ஜனங்கள் எப்படிக் கத்தினார்கள் தெரியுமா? மழை பொய்த்து, மரப்பட்டையை இடித்துக் கஞ்சி காய்ச்சும் ஜனங்கள். அவன் மேடையில் நின்று தலையாட்டினான், பக்கத்தில் நாரையும் தலையாட்டியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னை மன்னித்துத் திருப்பி அழைக்கும்படி பாங் தலைநகருக்கு எழுதிச் சம்மதமும் வாங்கிவிட்டான். அதற்கு அவன் போட்டிருப்பது ஒரே ஒரு நிபந்தனைதான். கல்லின் பின்பக்கத்துக்கு நீ இன்னொரு கவிதை எழுதி அனுப்ப வேண்டும். இந்தத் தடவை ஹான் கீன் எல்லாம் வேண்டாமாம். பாங் என்று பெயர் போட்டு, களஞ்சியம் நிறைந்தது, குடிகள் வாழ்த்தினார்கள் என்று பச்சையாக இருக்க வேண்டுமாம். அது வந்து சேர்ந்ததும் மன்னிப்பு ஓலையை உனக்கு அனுப்புவானாம்.

எழுதித் தொலைடா. உன் ரோஷத்தைத் தூக்கி உப்பில் ஊறப்போடு. நாலு வரிப் பொய்யால் வானம் இடிந்து விழாது. உன்னைப் போன்றவர்களைத் தெற்கே அனுப்பினால் பாதிப் பேர் சவப்பெட்டியில்தான் திரும்புகிறார்கள். எனக்கென்று உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதிவிட்டு வீட்டுக்கு வா.

இவ்வளவும் நேற்று எழுதியது. வியாபாரி இன்னும் கிளம்பவில்லை. இன்று நடந்ததையும் கேள்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரி ரூவானை உனக்குத் தெரியும். வரி கட்டவில்லை என்று காலையில் அவள் தறியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புருஷன் செத்த பிறகு அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். பின்னாலேயே ஓடினாள், நானும் போனேன். வாசலில் சேவகன் தடியை ஓங்கினான். அவள் அழவில்லை. கல் பக்கம் திரும்பி, உன் கவிதையைத் தொண்டை கிழியச் சொல்ல ஆரம்பித்தாள். ஓங்கிய தடி அப்படியே நின்றது. ஆளுநரைப் புகழ்கிற பாட்டாயிற்றே, எப்படி அடிப்பான்? வரி கட்ட நின்ற வரிசை முழுக்கச் சேர்ந்துகொண்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த பாங், பூரித்துப்போய், தானும் சேர்ந்து பாடினான் தம்பி! 'காற்றைத் தின்று வாழ்ந்தது ஊர்' என்று கையைத் தட்டித் தட்டிப் பாடினான்.

பாடி முடித்து, நல்ல குடிகள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். தறி திரும்பி வரவில்லை. ஆனால் ரூவான் வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வீட்டு வாசலில் நின்று கேட்டாள்: "உன் தம்பி வரப்போறாராமே அக்கா, நல்லதுதான். வாயைத் தொறந்து எங்களுக்குன்னு பேசுனது அவரு ஒருத்தர்தான். பின்பக்கத்துக்கு என்ன எழுதப் போறாரு?"

நான் கடைக்குத் திரும்பி இந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். களஞ்சியம் நிறைந்தது என்று நீ எழுதினால், அடுத்த தடவை ஊர் ஜனங்கள் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களிடம் மிச்சமிருப்பது அந்த நாலு வரிதான். அதையும் அந்தப் பயலுக்கு நாமே தூக்கிக் கொடுப்பதா?

எழுதாதே தம்பி. உனக்குக் காய்ச்சல், கை நடுங்குகிறது, தூரிகை பிடிக்க முடியவில்லை என்று பாங்கிடம் சொல்லிவிடுகிறேன். பள்ளித் தலைவர் கெங்கைக் கூப்பிட்டு அதற்கும் ஒரு நல்ல பொருள் சொல்லச் சொல்வான்.

சுக்கும் காய்ச்சல் மருந்தும் கட்டி அனுப்பியிருக்கிறேன். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. சாயங்காலம் வெளியே உட்காராதே.

முன்னால் எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று எடுத்தேன், கை வரவில்லை. நீ வரவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதும் உனக்குத் தெரியட்டும். நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இரு, என் கண்ணே.

உன் அக்கா,
லான்யூ