கட்டுப் பிரிக்கும் நாள்

ஜூன் 3

என் கப்பல்காரருக்கு,

நலம்தானே? போனில் பேசினால் அழுகை முந்துகிறது, அதனால் மெயில் எழுதுகிறேன். மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டிதானாம். டாக்டரம்மா, "திறந்து செஞ்சா அடுத்த வாரமே எடுத்துடலாம், ஆனா குறுக்கே பெரிய தழும்பு வரும். ரோபோவால செஞ்சா அக்குள் பக்கம் சின்னக் கீறல்தான். அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

உங்கள் டெய்லரம்மா

ஜூன் 5

டெய்லரம்மாவுக்கு,

தைரியமாக இரு. இன்ஜினோடு பிழைப்பவன் சொல்கிறேன், மனிதக் கை நடுங்கும், இயந்திரம் நடுங்காது. ரோபோவுக்கே பெயர் கொடு. தழும்போடு உன்னை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கொஞ்சம் பொறுத்தால் குடிமுழுகிப் போகாது.

உன் கப்பல்காரன்

ஜூலை 21

என் கப்பல்காரருக்கு,

குடிமுழுகிவிட்டது. முறை வந்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி தோல்வரை வந்துவிட்டது, அக்குளிலும் பரவியிருக்கிறது. "இனிமே ரோபோ சரிப்படாதும்மா, திறந்துதான் எடுக்கணும். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று எந்த வாயால் சொல்வேன்?

வியாழக்கிழமை ஆபரேஷன். பயமாக இருக்கிறது. உங்கள்மேல் கோபமும் இருக்கிறது. ஊரார் மார்புக்கெல்லாம் அளவெடுத்தவள், இப்போது கண்ணாடி முன் நிற்கப் பயப்படுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டுப் பிரிக்கும் நாளில் பக்கத்தில் இருப்பீர்களா? நீங்கள் பார்த்தால் நானும் பார்த்துவிடுவேன். ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள் டெய்லரம்மா

ஜூலை 22

டெய்லரம்மாவுக்கு,

படித்ததும் மனசு உடைந்துவிட்டது. வேறொரு ஆஸ்பத்திரியில் இன்னும் புது ரோபோ வந்திருக்கிறதாம், கேப்டன் சொன்னார். அங்கே விசாரித்தாயா? வியாழக்கிழமையைத் தள்ளிப்போடச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் கப்பல்காரன்

ஆகஸ்ட் 2

அன்புள்ள உங்களுக்கு,

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் முன் உங்கள் மெயிலைப் படித்தேன். நான் கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன்.

நேற்று கட்டுப் பிரித்தார்கள். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை இறுக மூடியிருந்தேன். "கண்ணத் தொற அக்கா. தையல் நேராத்தான் இருக்கு, நீயே குறை சொல்ல மாட்டே" என்றாள். சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. பார்த்துவிட்டேன்.

விடுமுறைக்கு வரும்போது நேரே உங்கள் அம்மா வீட்டுக்குப் போங்கள். உங்கள் சட்டைகளை அங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீலச் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருக்கிறது. கையைத் தூக்க முடியவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

டெய்லர்