லாபம், ரெண்டு, மூணு

பெரியம்மா,

இன்று காலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டுச் சீப்பைத் தேடினேன். தலையில் முடி குறையக் குறைய, சீப்பு மட்டும் அடிக்கடி தொலைகிறது. கையில் வந்தது சீப்பு இல்லை. கறுப்புக் கயிற்றில் கோத்த வசம்பு வளையல். மூக்கருகே கொண்டுபோகவே வேண்டாம், அந்தக் காரமான வாசனை தானாக வந்தது. அதற்குப் பின்னாலேயே நீங்களும் வந்துவிட்டீர்கள், வாய் நிறைய வெற்றிலையோடு.

நீங்கள் கட்டிக் கொடுத்தவை மூன்று. இரண்டை என் பெண்கள் நித்யாவும் நிவ்யாவும் எச்சிலில் ஊற வைத்து, கடித்து, துப்பி, தீர்த்துவிட்டார்கள். இது மூன்றாவது. யார் கையிலும் ஏறாமல் இத்தனை வருஷமும் டப்பாவுக்குப் பின்னாலேயே கிடந்தது. வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தேன். வசம்புத் துண்டுகளில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் பதிந்திருந்தது.

"எலியா இருக்கும்," என்றேன் சாந்தியிடம்.

"எலி வசம்பக் கடிக்குமா? பூச்சிகூட அதும் பக்கத்துல வராது," என்றாள் தோசையைத் திருப்பிக்கொண்டே. அவள் ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

பத்தாவதில் கணக்கில் மட்டும் போனவனுக்குத் திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை மூட்டை எண்ணுகிற வேலை கிடைத்தது என்று ஊரே சிரித்தது. ஊரைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். ஆனால் எங்கள் மண்டிக் கணக்கு உங்களுக்கும் தெரியும். முதல் மூட்டையை ஒன்று என்று சொல்லமாட்டோம். லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். ஒன்று என்று சொன்னால் அது ஒன்றோடு நின்றுவிடுமாம். நீங்கள் பிள்ளைகளையும் அப்படித்தான் எண்ணினீர்கள்.

ஏரி உடைந்த அந்த மழை நாள் ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். உங்களுக்கு மறதி என்பது சீரியல் பார்த்து முடித்தபின் எங்கள் வீட்டு டிவியை அணைப்பதில் மட்டும்தான்.

சாந்தி வயிற்றில் ரெட்டை என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பையெல்லாம் கட்டி வைத்திருந்தோம். மழையும் வலியும் முந்திக்கொண்டன. ஓமந்தூர் பக்கம் போகிற தார் ரோட்டை ஓடை தின்றுவிட்டது. திண்டிவனத்திலிருந்து வந்த 108 அக்கரையிலேயே நின்றது. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். பட்டப்பகல்தான், ஆனால் வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அந்த இருட்டில் வண்டியின் விளக்கு சுற்றிச் சுற்றி வர, சைரன் விடாமல் ஊளையிட்டது.

பக்கத்து வீட்டு வள்ளி ஓடிப்போய் உங்களைக் கூட்டிவந்தாள். நீங்கள் பிரசவம் பார்ப்பதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது என்பதுதான் உங்கள் கட்சி. "பயந்துகினே பாத்த பிரசவம் எத்தினின்னு எனக்குத்தான் தெரியும்," என்பீர்கள். உங்களுக்கு மிச்சமிருந்தது பச்சைப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற வேலை. முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டால் உங்களுக்கு வருகிற தோரணை கலெக்டருக்குக்கூட வராது.

நனைந்துகொண்டே வந்து என்னைப் பார்த்தீர்கள்.

"இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? வலி உனக்கா அவளுக்கா?"

"பெரிம்மா, ரெட்டை..."

"தெரியும். போனப் புடி. அந்த ஆம்புலன்ஸ் தம்பி சொல்றத எனக்குக் கேக்க வையி. ரெண்டு பேருமா சேந்து பாத்துக்கறோம்."

அதுதான் எனக்குக் கிடைத்த உத்தியோகம். ஜன்னலுக்கு வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டி, முகத்தை மழைக்குக் காட்டி, போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடை காற்றில் மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதில் தண்ணீர் நிரம்பியது.

"அம்மா, மொத கொழந்த எப்படித் திரும்பியிருக்குன்னு வயித்துமேல தொட்டுப் பாருங்கம்மா," என்றார் அக்கரையிலிருந்து அந்தத் தம்பி.

"தொட்டுகினுதான் கீறேன். நீ கத்தாத சாமி, புள்ள பயந்துக்கும்."

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து உங்கள் குரல், மண்டியில் கேட்பது போலவே: "லாபம்!" ஓர் அழுகை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "ரெண்டு!" இன்னோர் அழுகை. வள்ளி வாசலில் நின்று குலவை போட்டாள்.

அப்புறம் மழை சட்டென்று நின்றது. சைரனும் நின்றது. தவளைகூடக் கத்தவில்லை. அந்த அமைதிக்குள் நீங்கள், வீட்டுக்குள் நுழைகிற யாரையோ பார்த்துப் பேசுவதுபோல, மெதுவாகச் சொன்னீர்கள்.

"மூணு."

ஓர் அழுகை கேட்டது. மற்ற இரண்டையும்விட மெல்லியது. எனக்குக் கேட்டது, வள்ளிக்கும் கேட்டது.

கதவைத் திறந்தபோது துணியில் சுற்றிய பிள்ளைகள் இரண்டுதான் இருந்தார்கள். "மூணாவது எங்க?" என்று வள்ளி எட்டிப் பார்த்தாள்.

"நஞ்சுக்கொடிடீ, இளங்கொடி. வந்தது எல்லாத்தயும் எண்ணணும். எண்ணாம உட்டா தாயி வயித்துல தங்கி ஆளத் தூக்கிடும்."

"கொடி அழுவுமா?" என்று கேட்டாள் வள்ளி.

நீங்கள் ஒரு புதுப் பானையை மஞ்சள் துணியால் மூடி என்னிடம் கொடுத்தீர்கள். "பின்னாடி தென்னமரத்தாண்ட பொதைச்சிடு. 'போ'ன்னு சொல்லு. திரும்பிப் பாக்காம வா."

பொறுப்பாகத்தான் குழி வெட்டினேன். பானையை இறக்கினேன், மண்ணைத் தள்ளினேன். ஆனால் பெரியம்மா, நம் வாயில் 'போ' என்று எப்படி வரும்? சண்டைக்கு வந்தவனைக்கூட வாசல்வரை வந்து, "போயிட்டு வா" என்றுதானே அனுப்புகிறோம்? வாய்ப்பழக்கம். குழிக்கு முன்னால் நின்று, விருந்தாளியை பஸ் ஏற்றிவிடுகிறவன் மாதிரி மரியாதையாக, "போயிட்டு வா," என்றேன்.

திரும்பிப் பார்க்காமல் வந்ததைத்தான் ஒழுங்காகச் செய்தேன். பின்னால் சேற்றில் சளப் சளப் என்று சத்தம். என் செருப்புச் சத்தம்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் வந்து குனிந்து பார்த்தால் காலில் செருப்பே இல்லை.

தண்ணீர் இறங்கியதும் டிராக்டரில் ஏற்றி 108-க்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளைகளும் நலம் என்றார்கள். கொடி முழுசாக வந்துவிட்டது நல்லதாய்ப் போயிற்று என்றார் டாக்டரம்மா. நாங்கள் ஊர் திரும்புவதற்குள் இங்கே கதை முளைத்து, இலை விட்டு, காய்த்தே விட்டது. மூணு என்று மருத்துவச்சி எண்ணியதைக் காதால் கேட்டோம், வெளியே வந்தது ரெண்டு, மூணாவதை அவள் கொண்டுபோய்விட்டாள் என்று. மந்திரத்துக்கு என்றார்கள் சிலர். வெளியூர்க்காரனுக்கு என்றார்கள் சிலர்.

நர்சம்மா ஒரு போலீஸ்காரரோடு வந்து குழியைத் தோண்டச் சொன்னார். பானையில் கொடிதான் இருந்தது. "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. கொடிதான். போய் வேலையப் பாருங்க," என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். கூட்டம் கலைந்தது. கதை கலையவில்லை. "பானைய மாத்தியிருப்பா," என்றாள் வள்ளி. எனக்கு வேறு கவலை. போயிட்டு வா என்றேன், ஒரு வாரம்கூட ஆகவில்லை, மேலே வந்துவிட்டது. சொன்ன சொல் தவறாத பிறவி.

அதற்கப்புறம் உங்களைக் குளிப்பாட்ட யாரும் கூப்பிடவில்லை. ரேஷன் கடையில் உங்களைப் பார்த்தால் பெண்கள் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அவர்களே, பிள்ளை விடாமல் அழுதால், மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றார்கள். "முன்வாசல்ல என்னத் திட்டறவளுக்குப் பின்வாசல் வழி நல்லாத் தெரியுது பாரு," என்று சிரிப்பீர்கள். ஆனால் எங்கள் முற்றத்தில் காலை நீட்டி என் பெண்களைக் குளிப்பாட்டும்போது மட்டும், கடைசிச் சொம்புத் தண்ணீரை ஊற்ற மனசில்லாமல் வைத்திருப்பீர்கள்.

வீட்டுக்குள் மூன்றாவது இருந்தது. பயமுறுத்தவில்லை, இருந்தது, அவ்வளவுதான். பெண்களை ஒட்டிப் படுக்கவைத்தால் தூக்கத்தில் விலகி, நடுவே ஒரு பிள்ளை படுக்கிற இடம் விடுவார்கள். அந்த இடத்தில் கை வைத்தால் பாய் சூடாக இருக்கும். இரண்டு பேரும் என் மடியில் இருக்கும்போது புடவையில் கட்டிய ஏணை தானாக ஆடும். காற்றில் ஆடுகிற புடவை லேசாக ஆடும். இது அடியில் கனத்தோடு ஆடியது. கனம் பார்ப்பது என் தொழில், பெரியம்மா.

ஒருநாள் நீங்கள் குளிப்பாட்டி முடித்ததும் குழியில் நான் சொன்னதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் சட்டையில் தெறித்தது. "மூட்டை தூக்கற எடத்துல மூளையும் தூக்கிக் குடுத்துட்டியா? அதுக்கு விருந்தாளி மரியாதையா!" பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. வெறும் ஏணை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நீங்களே ஒரு வாட்டி 'போ'ன்னு சொல்லிடுங்க பெரிம்மா," என்றேன்.

சாந்தி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "எதுக்கு? அது யார இன்னா பண்ணுச்சி? நீங்கதான மூணுன்னு எண்ணுனீங்க? எண்ணிட்டு இப்ப இல்லன்னா?"

"சாந்தி, இந்தப் பேச்சு உன் வாயில நின்னாத்தான் ஊரு வாயும் நிக்கும். எனக்கும் நாலு புள்ள கால்ல கெடக்கும்," என்றீர்கள். கெஞ்சுகிற மாதிரி நீங்கள் பேசி அன்றுதான் கேட்டேன்.

"என் கைவிரலப் புடிச்சிது பெரிம்மா. நீங்க எண்ணுனப்போ. இன்னும் புடிச்ச எடம் தெரியுது."

வேலிக்கு அந்தப் பக்கம் வள்ளி துணி காயப்போடும் சாக்கில் நின்றிருந்தாள். அவள் நிற்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சுருக்குப்பையை அவிழ்த்து வசம்பை எடுத்தீர்கள். ஏற்கெனவே இரண்டு வளையல் பெண்கள் கையில் இருந்தன. மூன்றாவதை நிதானமாகக் கோத்து, முடிச்சுப் போட்டு, சாந்தி கையில் வைத்தீர்கள்.

"வசம்புக்கே பேர் சொல்லாததுன்னுதான் பேரு. இதுக்கும் அதே போதும். வேற பேரு வச்சிடாத, அப்புறம் பள்ளிக்கூடத்துல சேக்கச் சொல்லும்."

வள்ளி கையிலிருந்த துணி கீழே விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஊருக்கே சாட்சி கிடைத்துவிட்டது. மருத்துவச்சியே மூணு வளையல் கட்டினாள் என்று. அதன்பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தவிர வேறு பிள்ளை உங்கள் காலில் கிடக்கவே இல்லை. நீங்கள் சீரியல் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தீர்கள்.

நீங்கள் போன அன்று, உங்கள் கையில் பிறந்தவர்கள் பலர் தெருவில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒப்பாரியில் எல்லாரையும் மிஞ்சி அழுதவள் வள்ளி. நாங்கள் புறப்படும்போது பெண்கள் இரண்டும் உங்கள் காலடியில் நின்று, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "போயிட்டு வா ஆயா," என்றன.

"அய்யய்யோ! எழவு வூட்ல இன்னா பேச்சுடி அது? சொல்லாம கெளம்புங்க!" என்று வள்ளி பதறினாள்.

அப்பனைக் கொண்டு பிறந்த நாக்கு, வேறென்ன? ஓடிப்போய் ஒரு கையால் நித்யா வாயையும் ஒரு கையால் நிவ்யா வாயையும் பொத்தினேன். நன்றாகத்தான் பொத்தியிருந்தேன். இருந்தும் இன்னொரு தரம் கேட்டது, மெல்லிய குரலில், என் முழங்கால் உயரத்திலிருந்து: "போயிட்டு வா ஆயா."

எனக்கு இருப்பது இரண்டு கைதானே, பெரியம்மா?

இன்று காலை அந்த வளையலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினேன். பெண்கள் கொல்லையில் தென்னைமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான எண்ணிக்கைதான், என்னிடம் கற்றது. ஒருத்தி தன்னைத் தொட்டு, "லாபம்." அடுத்தவளைத் தொட்டு, "ரெண்டு." நடுவில் இருக்கிற வெறும் இடத்தைத் தொட்டு, "மூணு." இது எனக்குப் பழகிவிட்டது. செருப்பை மாட்டினேன். அப்போது நிவ்யா மரத்தடிப் பக்கம் விரலை நீட்டி, "நாலு," என்றாள்.

"யாருடி நாலு?"

"ஆயாதாம்பா. கால நீட்டிகினு உக்காந்து பாப்பாவக் குளிப்பாட்டிகினு கீறாங்க. தண்ணி தெறிக்குது, தள்ளி நில்லு."

அங்கே யாரும் இல்லை. மழை பெய்து மாதக்கணக்காகிறது, எங்கள் வீட்டுக் குழாயில் நேற்றிலிருந்து தண்ணீர் வரவில்லை. தென்னைமரத்தடி மண் மட்டும் இரண்டு கால் அகலத்துக்கு ஈரமாக இருந்தது.

வளையலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அந்த ஈரத்தின் ஓரமாக வைத்தேன். குளித்து முடித்தால் கையில் கட்ட வேண்டும் அல்லவா?

மண்டியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கடலை மூட்டைமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாயங்காலம் கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறேன், பெரியம்மா. அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.